சாவிக்கொத்து

எங்கள் வீட்டில் ஒரு பழைய சாவிக்கொத்து உண்டு. பித்தளை வளையத்தில் ஏழெட்டுச் சாவிகள். அவற்றில் பாதிக்கு இப்போது பூட்டே கிடையாது. என் பாட்டி அதை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தால் கூடம் முழுவதும் சலங்கைச் சத்தம் கேட்குமாம். என் அம்மா அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒன்பது வருஷம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பாட்டி அதை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தாள்.

"அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள்தான் விஷயம் தெரிந்தது. நெற்குதிரில் எலி புகுந்தால்கூட இனிமேல் பதில் சொல்ல வேண்டியவள் நான்!" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள்.

அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு முழுக்க விளங்குவதற்கு அறுபத்தெட்டு வயதாக வேண்டியிருந்தது. விளங்க வைத்தது ஒரு கம்ப்யூட்டர்.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். யந்திரங்களுக்கும் எனக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் தட்டச்சு யந்திரத்தில் தொடங்கி, பிறகு கம்ப்யூட்டருக்கு மாறி, எப்படியோ காலம் தள்ளிக்கொண்டு வந்தேன். இப்போதிருக்கும் பெட்டி 2013-ல் வாங்கியது. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் 2025-ம் வருஷம் ஒரு நாள், அதில் இருந்த ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வரமாட்டா என்றும், அடுத்த பதிப்பு இந்தப் பழைய பெட்டியில் ஏறாது என்றும் தெரிந்தது. ஆபரேட்டிங் சிஸ்டம் என்றால் இயங்குதளம். பெட்டியைப் பெட்டியாக விடாமல் நம்மிடம் வேலைக்கு நிறுத்துகிற மேஸ்திரி அதுதான்.

"புதுசு வாங்கிவிடுங்கள் சார். நாற்பதாயிரத்துக்கு நல்லதாகத் தருகிறேன்" என்றார் கடைக்காரர். நாவல் எழுதுகிறவனுக்கு நாற்பதாயிரம் ரூபாய் என்பது எவ்வளவு பெரிய தொகை என்று அந்த நல்ல மனிதருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சென்னையில் கம்ப்யூட்டர் நிர்வாக வேலையில் இருக்கும் என் தங்கை மகனுக்குப் போன் செய்தேன்.

"மாமா, லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்" என்றான்.

"என்ன விலை?"

"விலையே இல்லை."

"விலை இல்லாத சாமானில் சரக்கு இருக்காதேடா!"

"உலகத்திலேயே அதிவேகமான 500 கம்ப்யூட்டர்களின் பட்டியல் ஒன்று உண்டு மாமா. 2017 நவம்பரிலிருந்து அந்த 500-ம் லினக்ஸில்தான் ஓடுகின்றன. உங்கள் சட்டைப்பையில் இருக்கிற ஆண்ட்ராய்டு போனின் அடிவயிற்றிலும் அதுதான் இருக்கிறது."

நான் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு அவன் சொன்ன கதை எனக்குப் பிடித்திருந்தது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் 1983-ல் ஓர் அறிவிப்புச் செய்தார். யார் வேண்டுமானாலும் உபயோகிக்கலாம், உள்ளே பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவர்களுக்குக் கொடுக்கலாம் என்ற நிபந்தனையோடு முழு இயங்குதளம் ஒன்றை உருவாக்கப் போவதாக. அதற்கு க்னூ என்று பெயர். சுற்றுப்புறமெல்லாம் தயாராயிற்று; நடுவில் இருக்க வேண்டிய கர்னல் என்ற மையப்பகுதி மட்டும் கூடிவரவில்லை. 1991-ல் பின்லாந்தில் ஹெல்சிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் சொந்த ஆசைக்காக ஒரு கர்னல் எழுதி வெளியிட்டார். அப்போது அவருக்கு 21 வயது. அடுத்த வருஷமே அதை ஸ்டால்மனின் உரிம நிபந்தனைகளின் கீழ்க் கொண்டுவந்தார். ஒருவர் கட்டிய கோபுரத்துக்கு இன்னொருவர் கலசம் வைத்தாற்போல இரண்டும் சேர்ந்துகொண்டன.

இங்கிலீஷில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே வார்த்தையாம். அதனால் அந்த ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காக, 'நாங்கள் சொல்வது இலவசத்தை அல்ல, சுதந்திரத்தை' என்று விளக்கிக்கொண்டிருக்கிறார்களாம். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தமிழில் 'கட்டற்ற மென்பொருள்' என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் கட்டு இல்லாததில் ஒரு சங்கடமும் இருக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

"சரி, அந்த லினக்ஸைப் போட்டுக் கொடு" என்றேன்.

"எந்த லினக்ஸ்?" என்று அவன் கேட்டானே பார்க்கலாம்!

அரிசி ஒன்றுதான். அதில் ஒருவர் பொங்கல் வைக்கிறார், ஒருவர் புளியோதரை கிளறுகிறார், ஒருவர் தோசைக்கு ஊறப் போடுகிறார். அதே மாதிரி அந்தக் கர்னலைச் சுற்றி வேண்டிய கருவிகளைச் சேர்த்து, ஒரு முகப்பும் வைத்துக் கொடுப்பதற்கு டிஸ்ட்ரிப்யூஷன் என்று பெயர். தமிழில் வழங்கல் என்கிறார்கள். டெபியன், உபுண்டு, மின்ட், ஃபெடோரா, ஓப்பன்சூசே, ஆர்ச் என்று நூற்றுக்கணக்கில் உண்டாம். சென்னையிலேயே சி-டாக் என்ற அரசாங்க ஆராய்ச்சி நிறுவனத்தில் 'பாஸ்' என்று ஒன்றை, டெபியனை அடிப்படையாக வைத்து, உருவாக்கியிருக்கிறார்கள். தீபாவளிக்கு முதல்நாள் ஜவுளிக் கடையில் நிற்கிறவன்போல நின்றேன்.

"எது உசத்தி என்று கேட்காதீர்கள் மாமா. நான் நாலு கேள்வி கேட்கிறேன், பதில் சொல்லுங்கள். பெட்டியில் என்ன வேலை செய்கிறீர்கள்? பெட்டிக்கு எவ்வளவு தெம்பு? எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை அதைப் பெரிய மராமத்துக்கு விடத் தயார்? கஷ்டம் வந்தால் யாரைக் கேட்பீர்கள்?"

"எழுதுகிறேன். 4 ஜி.பி. நினைவகம். ஒருநாளும் மராமத்துக்கு விடமாட்டேன். உன்னைக் கேட்பேன்."

"அப்படியானால் மின்ட்" என்று முடிவாகச் சொல்லிவிட்டான்.

காரணமும் சொன்னான். ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிதாக வருகிறது; புதுமை விரும்புகிறவர்களுக்கு அது சரி. ஆர்ச் என்பதில் பதிப்பு என்றே ஒன்று கிடையாது, ஆற்றுத் தண்ணீர்போல மாறிக்கொண்டே இருக்கும். நீந்தத் தெரிந்தவர்கள் இறங்கலாம். உபுண்டுவில் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வரும் நீண்டகாலப் பதிப்புக்கு ஐந்து வருஷம் திருத்தங்கள் கிடைக்கும். மின்ட் அந்த அஸ்திவாரத்தின்மேல் கட்டிய வீடு. அதிலும் முகப்பு மூன்று விதம். என் பெட்டியின் வயசுக்கு எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய முகப்பு போதும். வம்சாவளியைப் பார்த்தால், 1993-ல் இயன் மர்டாக் ஆரம்பித்த டெபியன் பாட்டனார். 2004-ல் பிறந்த உபுண்டு மகன். 2006-ல் பிறந்த மின்ட் பேரன். டெபியன் என்ற பெயரே டெப்ரா என்ற தம் காதலியின் பெயரையும் தம் பெயரையும் மர்டாக் சேர்த்து வைத்ததுதான். இதைக் கேட்டதும் எனக்கு அந்தக் குடும்பத்தின்மேல் ஒரு பிரியம் உண்டாகிவிட்டது.

பென் டிரைவில் மின்டை ஏற்றிக்கொண்டு, பழைய அமைப்பைத் தொடாமலே அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். வீட்டை வாங்குமுன் ஒரு ராத்திரி தங்கிப் பார்ப்பதுபோல. ஒரு சனிக்கிழமை, மருமகன் போனில் சொல்லச் சொல்ல, அப்படித் தங்கிப் பார்த்தேன். வைஃபை வந்தது. பிரிண்டர் பேசியது. பாட்டுக் கேட்டது. முக்கியமாகத் தமிழ் வந்தது. ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியோடு எம்17என் என்ற தொகுதியைச் சேர்த்தால் தமிழ்99-ம் கிடைக்கிறது, பழைய தட்டச்சு முறையும் கிடைக்கிறது. நாற்பது வருஷத்துக்கு முன் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பழகின விரல்கள் மறுபடி தங்கள் இடங்களில் போய் உட்கார்ந்தன.

"அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே வந்து நிறுவித் தருகிறேன். அதுவரை கை வைக்காதீர்கள். எழுத்தையெல்லாம் ஒரு காப்பி எடுத்து வையுங்கள்" என்றான் மருமகன்.

காப்பி எடுத்தேன். திரையில் இருந்த 'நாவல்' என்ற மஞ்சள் பையை அப்படியே இழுத்து ஒரு பென் டிரைவில் போட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. இவ்வளவு சீக்கிரமா என்று வியந்தேனே தவிர, ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்தேனா? புதன்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தேன். நிறுவும்போது ஒரு கேள்வி வருகிறது. பழையது பக்கத்தில் இருக்கட்டுமா, எல்லாவற்றையும் அழித்துவிட்டு நிறுவலாமா? பாவம், அது தெளிவாகத்தான் கேட்டது. எச்சரிக்கையும் செய்தது. காப்பிதான் இருக்கிறதே என்ற தைரியத்தில் அழிக்கச் சொன்னேன். அரை மணி நேரத்துக்குள் பெட்டி புது மாப்பிள்ளை மாதிரி எழுந்து நின்றது. பெருமையோடு பென் டிரைவைச் சொருகினேன்.

'நாவல்' என்ற அந்தப் பையின் மூலையில் ஒரு சின்ன அம்புக்குறி இருந்தது. அதன் கனம் 2 கிலோபைட்டுக்கும் குறைவு. நான் காப்பி எடுத்தது நாவலை அல்ல. நாவல் இருக்கும் இடத்துக்குப் போகும் வழிகாட்டிப் பலகையை! ஊரை இடித்துவிட்டுக் கைகாட்டி மரத்தைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தேன்.

அது என்ன நாவல் என்று சொன்னால்தான் என் நிலைமை உங்களுக்குப் புரியும். அம்மாவின் கதை அது. நான்கு வருஷமாக எழுதிவந்தேன். 31 அத்தியாயங்கள். அவளுடைய கடைசி இரண்டு வருஷங்களில் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, அவள் சொன்ன பெயர்களையும் ஊர்களையும் நேராக அத்தியாயங்களிலேயே எழுதிவிட்டேன். தனிக் குறிப்பு வைத்துக்கொள்ளவில்லை. மறந்துபோனதை மறுபடி கேட்க இப்போது அவள் இல்லை.

ராத்திரி பதினொரு மணிக்கு மருமகனை எழுப்பினேன். அவன் திட்டவில்லை. "பெட்டியை இந்த நிமிஷமே அணைத்துவிடுங்கள் மாமா. இனி அதில் ஒரு எழுத்துக்கூட எழுதப்படக் கூடாது" என்று மட்டும் சொன்னான். என் மனைவி ஒன்றும் கேட்காமல் ஒரு தம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தாள். அவள் திட்டியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

மருமகன் வெள்ளிக்கிழமையே லீவு போட்டுவிட்டு வந்து சேர்ந்தான். டிஸ்கில் எழுதியதை அழிப்பது என்றால், பெரும்பாலும் வீட்டை இடிப்பதல்ல, கதவு எண்களைத் துடைத்துவிடுவதுதானாம். என்னுடையது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க், 500 ஜி.பி. புதிதாக வந்தவர் குடியேறிய இடம் அதில் ஒரு மூலைதான். முதலில் டிஸ்கைக் கழற்றி, டிடிரெஸ்க்யூ என்ற கருவியால் அதன் முழுப் பிரதியை இன்னொரு டிஸ்கில் எடுத்தான். பிறகு அந்தப் பிரதியின்மேல் ஃபோட்டோரெக் என்ற கருவியை ஓடவிட்டான். அது கதவு எண்ணைத் தேடுவதில்லை. ஒவ்வொரு கோப்பும் தொடங்கும் ஜாடையைப் பார்த்து அடையாளம் கண்டு எடுத்து வைக்கிறது. இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள். யாரோ முகம் தெரியாத மனிதர்கள் எழுதி ஊருக்குக் கொடுத்தவை.

சனிக்கிழமை காலையில் ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்து கிடந்தன. எதற்கும் பெயர் இல்லை, வெறும் எண்கள். திறந்தால் தமிழும் இல்லை. நான் இன்னும் பழைய எழுத்துரு ஒன்றில்தான் எழுதிவந்தேன். யுனிகோடு வருவதற்கு முன் செய்த எழுத்துரு அது. உள்ளே இருப்பது இங்கிலீஷ் எழுத்துக்கள்தான். மேலே தமிழ் முகமூடி. முகமூடி போனதும், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாக ஒரே கந்தரகோளம்.

"இதில் எது உங்கள் நாவல் என்று நான் எப்படி மாமா கண்டுபிடிப்பேன்?" என்று மருமகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அப்போதுதான் ஒரு விசித்திரம் நடந்தது. அந்தக் கிறுக்கலைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது என் விரல்கள் மேஜைமேல் தாமாக அசைந்தன. அந்த எழுத்துக்கள் எல்லாம் நான் அழுத்திய விசைகள் அல்லவா? கண்ணால் படிக்க முடியாததை விரலால் படித்தேன். மூன்றாவது வரியில் அம்மாவின் பெயர் வந்தது. அதற்குமேல் சிறிது நேரம் திரை சரியாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் இருவரும் உட்கார்ந்தோம். நான் விரலால் படித்து, "இது பன்னிரண்டாவது", "இது இரண்டாவதின் பழைய பிரதி" என்று சொல்லச் சொல்ல, அவன் யுனிகோடுக்கு மாற்றி அடுக்கினான். என்றோ அடித்துத் தள்ளிய வாக்கியங்கள்கூட எழுந்து வந்து, 'எங்களை ஏன் நீக்கினாய்?' என்று கேட்டன. கடைசியில் 28 அத்தியாயங்கள் கிடைத்தன. மூன்று கிடைக்கவில்லை.

அந்த மூன்றையும் பிறகு ஞாபகத்திலிருந்து எழுதினேன். அவற்றில் ஒன்று, கல்யாணமான மறுநாள் அம்மா கொள்ளிடத்தைப் படகில் கடந்துவந்த கதை. தலைப்பாகை நனையாமல் இருக்க அதைப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கித் தள்ளினானாம் படகுக்காரன். எழுபது வருஷம் கழித்தும் அவன் பெயரை அம்மா சொன்னாள். நான் எழுதியும் வைத்தேன். இப்போது எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. 'படகுக்காரன்' என்றே எழுதியிருக்கிறேன்.

யாரைக் குற்றம் சொல்வது? கடைக்காரரையா? அழிக்கட்டுமா என்று மரியாதையாகக் கேட்ட மின்டையா? சாவிக்கொத்து என் கையில் இருந்தது. எலி புகுந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

இதற்குப் பிறகுதான் வீட்டில் ஒரு சர்வர் வைப்பது என்று தீர்மானித்தோம். சர்வர் என்றவுடன் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். ஓர் அலுவலகத்தில் கழித்துப்போட்ட சின்னப் பெட்டி, அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. திரை கிடையாது, விசைப்பலகை கிடையாது.

"இதற்கும் மின்ட்தானே?" என்றேன்.

"இல்லை மாமா. நீங்கள் உட்கார்ந்து எழுதுகிற பெட்டி திண்ணை மாதிரி. சௌகரியம் வேண்டும், அழகு வேண்டும். சர்வர் கிணறு மாதிரி. அதில் ஒரே ஒரு குணம்தான் வேண்டும்: நேற்று இருந்தபடியே நாளைக்கும் இருக்க வேண்டும். பாட்டனாரையே கூப்பிடலாம்."

யார் கையில் இருக்கிறது என்று பார்த்துத்தான் சர்வருக்குத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஒரு கதையும் சொன்னான். சென்ட்ஓஎஸ் என்று ஒன்றை உலகம் முழுவதும் சர்வர்களில் வைத்திருந்தார்கள். அதன் எட்டாவது பதிப்பு 2029 வரை ஓடும் என்று நம்பியிருந்தார்கள். 2020 டிசம்பரில், அது 2021-ம் வருஷக் கடைசியோடு நின்றுவிடும் என்று அறிவிப்பு வந்தது. அத்தனை பேரும் வேறு வீடு பார்க்க வேண்டியதாயிற்று. ஆனால் மூலநிரல் திறந்தே இருந்ததால், சில மாதங்களுக்குள் அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் என்று இரண்டு மாற்று வீடுகளும் எழும்பிவிட்டன. டெபியனுக்கு முதலாளி என்று யாரும் இல்லை. தொண்டர்கள் நடத்துகிறார்கள், வருஷாவருஷம் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாங்கள் போட்டது 2025 ஆகஸ்டில் வந்த பதிமூன்றாவது பதிப்பு. மூன்று வருஷமும், அதற்குமேல் இரண்டு வருஷமும் அதற்குத் திருத்தங்கள் உண்டு. அதன் செல்லப்பெயர் டிரிக்ஸி. ஒரு பொம்மைச் சினிமாவில் வரும் பாத்திரமாம். இவ்வளவு கண்டிப்பான பாட்டனாருக்கு இப்படி ஒரு விளையாட்டுப் புத்தி!

அமைப்பதில் மருமகன் ஒவ்வொரு படியையும் என் கையாலேயே செய்ய வைத்தான். முகப்பே வேண்டாம் என்று விட்டுவிட்டோம். இல்லாத ஜன்னல் வழியாகத் திருடன் வரமாட்டான். ஃபயர்வாலில் ஒரே ஒரு வாசலைத் தவிர மற்றவற்றை அடைத்தோம். அந்த வாசலிலும் கடவுச்சொல் செல்லாது. எஸ்எஸ்ஹெச் என்ற முறையில் இரண்டு சாவிகள் செய்துகொள்ள வேண்டும். ஒன்று சர்வரில் இருக்கும், அதற்கு ஜோடியான ரகசியச் சாவி என் பெட்டியில் மட்டும் இருக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்து சேரும்படி செய்தோம். தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு என் எழுத்துக்கள் சர்வருக்குப் போகின்றன.

"பார்த்ததை அப்படியே காட்டும் கண்ணாடி காப்பு ஆகாது மாமா. நீங்கள் தப்பாக அழித்தால் அதுவும் அழித்துவிடும்" என்று சொல்லி, முந்தைய நாட்களின் பிரதிகளையும் சேர்த்து வைக்கிற போர்க் என்ற கருவியை அமைத்தான். புறப்படும்போது வாசலில் நின்று, "மாதம் ஒரு தடவை ஏதாவது ஒரு அத்தியாயத்தைத் திருப்பி எடுத்துத் திறந்து படியுங்கள். படித்துப் பார்க்காத காப்பு காப்பே இல்லை" என்றான்.

அதன்படியே செய்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை ஓர் அத்தியாயத்தைச் சர்வரிலிருந்து இறக்கிப் படிக்கிறேன். இன்னொரு பிரதி பென் டிரைவில் ஏறி, பஸ்ஸில் என்னோடு திருச்சிக்குப் போய், தங்கை வீட்டுப் பீரோவில் தங்குகிறது. போன மாதத்தது என்னோடு திரும்பி வருகிறது. இதைச் சாக்கிட்டுத் தங்கையையும் மாதம் ஒரு முறை பார்க்க முடிகிறது.

பென் டிரைவ் அளவில் சின்னது. எங்கேயாவது விழுந்துவிடுமே என்று கவலையாக இருந்தது. போன மாதம் புறப்படும்போது என் மனைவி அதை வாங்கி, அம்மாவின் பழைய பித்தளை வளையத்தில் கோத்துக் கொடுத்தாள்.

"பூட்டு இல்லாத சாவிகளோடு இதுவும் இருக்கட்டும். தொலைத்துவிட்டு வந்தால் நான் பதில் சொல்ல மாட்டேன்!" என்றாள்.

இடுப்பில் செருகிக்கொள்ள எனக்குத் தைரியம் இல்லை. சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். திருச்சி போய்ச் சேரும் வரை பஸ் குலுங்கும்போதெல்லாம் அது சத்தம் போட்டுக்கொண்டே வந்தது.